லைன்மேன் போட்ட மலை ரூட்டு

புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள அத்தனை மலைகளையும் ஓடியே பார்த்து முடித்த ஒரே மனிதர் எங்கள் லைன்மேன்தான். இதை எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரத் தயாராக இருக்கிறேன்.

‘புதுக்கோட்டையில் மலையா?’ என்று ஊட்டியும் கொடைக்கானலும் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். இதே ஊரில் பிறந்து நாற்பத்தாறு வருஷம் இருந்த நானே சிரித்தவன்தான். திருச்சி பஸ்ஸில் போகும்போது நார்த்தாமலைப் பக்கம் ஜன்னலில் தெரியும் பாறைகளை, யாரோ வீடு கட்ட இறக்கிவிட்டு எடுத்துப் போக மறந்த கற்கள் என்ற அளவில்தான் வைத்திருந்தேன். அதற்கு மேல் பார்க்க எனக்கு நேரமும் கிடையாது, உடம்பும் கிடையாது. ஒரு தனியார் அலுவலகத்தில் ஒரே நாற்காலியில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவன் நான். புது நாற்காலி வந்தபோது, இது என்னைப் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்லிப் பழையதைத் திருப்பிக் கேட்டு வாங்கியவன்.

அப்புறம் ரத்தத்தில் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். எங்கள் தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டரம்மாவோ, நடந்தால் போதாது, ஓடணும் என்றார். அவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கிராமத்துப் பக்கம் போய் ஓடுகிறவர். என் கடைவாய்ப் பல்லில் வேலை செய்துகொண்டிருக்கும்போது இதைச் சொன்னதால் என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. தலையாட்டினேன். அடுத்த ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு அன்னவாசல் தாண்டி ஒரு செம்மண் ரோட்டில் அவர் காரிலிருந்து இறங்கி நின்றேன்.

அங்கேதான் லைன்மேனைப் பார்த்தேன். காக்கிச் சட்டை, முழங்காலுக்கு மேலே மடித்துத் தைத்த பழைய காக்கி பேன்ட், பெருவிரல் எட்டிப் பார்க்கும் கேன்வாஸ் ஷூ. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். இடுப்பு பெல்ட்டில் ஒரு கட்டிங் பிளேயர் செருகியிருந்தது. ஓடப் போகிற ஆள் எதற்குக் கட்டிங் பிளேயர் வைத்திருக்கிறார் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் ஓடுவதே கம்பி பார்க்கத்தான் என்றார்.

அது உண்மை. லைன்மேன் தலையை அண்ணாந்தே ஓடுவார். கண் முழுக்க மேலே போகும் மின்கம்பியில் இருக்கும். கால்கள் அவர் சம்பந்தப்படாத மாதிரி கீழே தனியாக ஓடிக்கொண்டிருக்கும். குழி, கல், முள், படுத்திருக்கிற மாடு எல்லாவற்றையும் அவை தாமாகவே பார்த்து விலகிப் போகும். நான் தரையை மட்டுமே பார்த்து ஓடினேன். முதல் நாளே இரண்டு முறை விழுந்தேன். இரண்டாவது முறை என்னைத் தூக்கிவிட்டவர் அவர்தான். தூக்கும்போதும் மேலேதான் பார்த்தார். “பீங்கான் விரிசல் விட்ருக்கு” என்றார். என் முழங்கால் சிப்பியைச் சொல்கிறார் என்று பயந்துவிட்டேன். கம்பத்து உச்சியில் இருந்த இன்சுலேட்டரைச் சொல்லியிருக்கிறார்.

கிலோமீட்டர் என்ற வார்த்தையே அவரிடம் கிடையாது. எல்லாம் போஸ்ட் கணக்குத்தான். இந்த ரூட்டு எண்பது போஸ்ட்டு, அந்த ரூட்டு நூற்றிருபது போஸ்ட்டு. டாக்டரம்மா கையில் கட்டியிருந்தது விண்வெளிக்குப் போகிறவர்கள் கட்டுகிற மாதிரியான வாட்ச். ஒருநாள் ஓட்டம் முடிந்ததும் அதைப் பார்த்து எட்டு புள்ளி இரண்டு கிலோமீட்டர் என்றார். லைன்மேன் நூற்று அறுபத்து நாலு போஸ்ட்டு என்றார். ஒரு கம்பத்துக்கும் அடுத்ததற்கும் ஐம்பது மீட்டர். மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு டாக்டரம்மா வாட்சைக் கழற்றிக் காருக்குள் வைத்தார்.

ஓட்டம் அவருக்கு விளையாட்டாக வந்ததல்ல. கஜா புயல் அடித்த மறுநாள் காலை, அவர் பொறுப்பில் இருந்த கிராமங்களுக்குப் போகிற எல்லா ரோட்டிலும் மரம் விழுந்து கிடந்தது. பைக்கை எடுத்தால் நூறு அடி போக முடியவில்லை. எந்தக் கம்பம் நிற்கிறது, எது சாய்ந்தது, எங்கே கம்பி தரையில் கிடக்கிறது என்று தெரியாமல் யாரும் எதுவும் செய்ய முடியாது. பைக்கைப் படுக்கப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார். மரங்களுக்கு மேலே ஏறி, அடியில் நுழைந்து, பாறைமேல் ஏறி எட்டிப் பார்த்து, ஊர் ஊராகப் போய்க் கம்பங்களை எண்ணினார். தொடர்ந்து பல நாள் இதே வேலை. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த ஆட்களுக்கு வழி காட்டியதும் அவர்தான். வண்டிக்கு முன்னால் ஓடிக் காட்டினாராம்.

எல்லா ஊருக்கும் வெளிச்சம் வந்த பிறகு அவர் பைக்கில் ஏறி உட்கார்ந்தால், கால் உட்கார மறுத்துவிட்டது. “வண்டில போனா கம்பிய ஒழுங்காப் பாக்க முடியலங்க” என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டு ஓடுவதையே வழக்கமாக்கிக்கொண்டார். டாக்டரம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வழி தவறி நின்றபோது, பாறை மேலிருந்து ஓடி இறங்கி வந்து வழி சொன்னவர், அடுத்த வாரத்திலிருந்து எங்களுக்கு ரூட்டு போட்டுக் கொடுக்கிறவர் ஆகிவிட்டார்.

ஒவ்வொரு ரூட்டுக்கும் அவர் ஒரு பெயர் வைத்திருந்தார். நார்த்தாமலைப் பக்கம் சுனை ரூட்டு. விராலிமலைச் சாலையை ஒட்டி மயில் ரூட்டு. அதில் ஓடினால் மயில்கள் நம்மைப் பார்த்து ஓடாது, கூடவே ஓடும். குளத்தூர்ப் பக்கம் ஒரு ரூட்டுக்கு மோர் ரூட்டு என்று பெயர். மலையில்லை, சுனையில்லை, பார்க்கிற மாதிரி ஒன்றுமே இல்லை. தொண்ணூறாவது போஸ்ட்டுக்கு எதிரே ஒரு வீட்டில் மோர் கொடுப்பார்கள், அவ்வளவுதான். எங்கள் குழுவில் அதிகம் பேர் விரும்பிய ரூட்டு அதுதான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அவரோடு ஓடுவதில் ஒரு தொல்லை உண்டு. ஊர் எல்லையைத் தொட்டதும் யாராவது மறிப்பார்கள். ஒரு கிராமத்தில் கிரைண்டர் வைத்து மாவு விற்கிற அக்கா ஒருவர், நாங்கள் வரும் நேரம் தெரிந்து ரோட்டில் நிற்பார். வோல்டேஜ் போதாமல் கிரைண்டர் ஆடி அசைந்து சுற்றுகிறது, இட்லி கல்லு மாதிரி வருகிறது, ஊரே தன்னைத்தான் திட்டுகிறது என்பார். லைன்மேன் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டு கேட்பார். கால் நின்றால் சூடு ஆறிவிடுமாம். அவர் நிற்காததால் நாங்களும் நிற்க முடியாது. ஆறு பேர் மாவுக் கடை வாசலில் நின்ற இடத்தில் குதித்துக்கொண்டிருக்க, அந்த அக்கா வோல்டேஜ் பற்றிப் பேசுவார். ஒருநாள் அவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, “நீங்களும் கரண்ட் ஆபீஸுங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப நீங்க ஏன் குதிக்கிறீங்க?” என்றார். நான் இன்னும் கொஞ்சம் வேகமாகக் குதித்தேன்.

குடுமியான்மலைக்கு முதல்முறை ஓடி முடித்த அன்று, கோயில் பின்பக்கப் பாறையில் செதுக்கியிருக்கும் இசைக் கல்வெட்டைக் காட்டினார். வரிசை வரிசையாக எழுத்து. ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய சுரங்கள் என்று டாக்டரம்மா விளக்கினார். லைன்மேன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “எனக்குப் பாட்டு தெரியாதுங்க. ஆனா இது யாரோ பெரிய இன்ஜினீயர் போட்டு வச்ச சர்க்யூட்டு. ஒரு எடத்துலகூட லைன் கிராஸ் ஆவல பாத்தீங்களா?” என்றார். நான் நான்கு தடவை அந்தக் கோயிலுக்கு வந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தப் பாறையைப் பார்த்தேன்.

ஆனால் நான் வாயடைத்துப் போனது வேறொரு இடத்தில். சித்தன்னவாசல் மலைக்குப் பின்புறம் ஆள் நடமாட்டமில்லாத ஒரு பெரிய மொட்டைப் பாறை. சூரியன் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் எங்களை அதன்மேல் ஏற்றி நிற்க வைத்தார். யாரும் பேச வேண்டாம் என்று கையால் காட்டினார். முதல் வெளிச்சம் தூரத்தில் நார்த்தாமலையின் உச்சியில் பட்டது. பிறகு அதற்குப் பக்கத்துக் குன்று. பிறகு அதற்கடுத்தது. யாரோ ஒருவர் வீடு வீடாகப் போய் விளக்கேற்றிக்கொண்டு வருவதுபோல, பாறைகள் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டே எங்களை நோக்கி வந்தன. கடைசியில் எங்கள் காலடிப் பாறையும் சிவந்தது. காலுக்குக் கீழே சுனைத் தண்ணீரில் வானம் கிடந்தது. ஒரு மயில் எங்கோ கூவியது. திருச்சி பஸ் ஜன்னலில் நான் கல் என்று நினைத்த அதே பாறைகள்தான் இவை என்பதை என் மூளை ஏற்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சர்க்கரைக்கான மாத்திரையின் பக்கவிளைவு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

இறங்கும்போது லைன்மேன் மெதுவாகச் சொன்னார்:

“என் செக்‌ஷன்ல இந்த ஒரு எடத்துலதாங்க கம்பியே கண்ணுல படாது.”

வாரத்தில் ஏழு நாளும் கம்பியைப் பார்க்கிற மனிதர் தனக்கென்று வைத்திருந்த இடம் அது. அதை எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்.

இப்படி இரண்டு வருஷம் போனது. டாக்டரம்மா தன் கல்லூரி நண்பர்களிடம் இந்த மலைகளைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ஓடுகிறவர்கள் முப்பது பேர் ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை இங்கே ஓட்டப் போட்டிக்கு வருவதாக ஏற்பாடு ஆனது. ரூட்டு போடும் வேலை இயல்பாகவே லைன்மேனுக்கு வந்தது. சித்தன்னவாசல் பக்கம் தொடங்கி, பாறைகளுக்குள் ஏறி இறங்கி, கொல்லைகளையும் தைலமரக் காட்டையும் கடந்து குடுமியான்மலையில் முடிகிற ரூட்டு. தினசரிக் காலண்டர் அட்டையின் பின்புறம் வரைந்து கொடுத்தார். அதில் மலை, குளம், ஊர் எல்லாம் சின்னதாகவும் கம்பங்கள் பெரிதாகவும் இருந்தன. கம்பங்களுக்கு நம்பர் போட்டிருந்தார். சென்னைக்காரர்கள் அதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, பார்க்காமல் விட்டுவிட்டார்கள்.

முதல் நாள் சாயங்காலம் முழு ரூட்டையும் ஒரு தடவை ஓடிப் பார்த்து எல்லாம் சரி என்று சொன்னார். விடியற்காலையில் திடீரென்று கோடை மழை. காற்றோடு அரை மணி நேரம் அடித்துவிட்டு நின்றது. ஆறு மணிக்கு வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பாறைகளில் தண்ணீர் கோடு கோடாக வழிந்து மின்னியது. வந்தவர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். கிளம்பும் முன்பே இருபது நிமிஷம் படம் எடுத்தார்கள்.

எனக்குக் கொடுத்த பொறுப்பு, பாதி வழியில் இருந்த ஆமைப்பாறை உச்சியில் வாழைப்பழமும் தண்ணீரும் வைத்துக்கொண்டு நிற்பது. என்னை ஓடவிட்டால் பரிசளிப்பு அடுத்த நாளுக்குப் போய்விடும் என்று டாக்டரம்மா கணக்குப் போட்டிருக்கலாம். லைன்மேனும் என்னோடு நின்றார். வருகிறவர்களுக்கு இறங்கும் வழியைக் காட்டுவது அவர் வேலை. அந்தப் பாறையிலிருந்து முன்னால் போகிற ரூட்டு முழுவதும் தெரியும். பாறையைச் சுற்றி வளைந்து இறங்கும் பாதை, கீழே உழுது போட்ட செம்மண் கொல்லை, அதன் ஓரமாக வரிசையாகக் கம்பங்கள், அப்பால் தைலமரங்கள்.

முதலில் வந்தவர் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவர். முப்பது வயதிருக்கும், மான் மாதிரி உடம்பு. காதில் இயர்போன். எங்களைக் கடக்கும்போது வாழைப்பழத்தைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த ஆள் கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருந்தார். அவர் பாதையில் வளைந்து இறங்குவதை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

லைன்மேன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் நனைந்த கம்பிகள் வெயிலில் வெள்ளி நூல் மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. கம்பத்துக்குக் கம்பம் அந்த மினுக்கம் போய்க்கொண்டே இருந்தது. ஒரே ஒரு இடத்தில் இல்லை.

“அம்பத்தி ஒண்ணுக்கும் அம்பத்தி ரெண்டுக்கும் நடுவுல கம்பி இல்ல” என்றார். ஏதோ ஒரு மரக்கிளை விழுந்து கம்பி அறுந்து, பாதையின் குறுக்கே கொல்லையில் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு நாய் படுத்திருப்பது எனக்குத் தெரிந்தது. அது எழுந்திருக்காது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

லைன் தானாக ஆஃப் ஆகியிருக்காதா என்று கேட்டேன். பாறை பூமியில் விழுந்தால் சில சமயம் ஆகாது, கரண்டு இருக்கிறதென்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். ஓடும்போது அவர் போன் வைத்துக்கொள்வதில்லை. என் போனில் சப்-ஸ்டேஷன் நம்பரைப் போடச் சொன்னார். பத்து இலக்கத்தையும் மூச்சு விடாமல் சொன்னார்.

“மேட்டுப்பட்டி ஃபீடர ஆஃப் பண்ணச் சொல்லுங்க. ஆனதும் துண்டத் தூக்கிக் காட்டுங்க. யாரையும் கீழ விட்டுறாதீங்க.”

சொல்லி முடிக்கும்போது அவர் அங்கே இல்லை.

பாதையில் போகவில்லை. பாறையின் நேர்ச் சரிவில் இறங்கினார். ஆடு இறங்கவே யோசிக்கும் சரிவு அது, அதுவும் மழையில் நனைந்தது. இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் அவரோடு ஓடியவன் நான். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை என்பது அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அதுவரை எங்களுக்காக அவர் நடந்திருக்கிறார். தண்ணீர் எந்த வழியில் இறங்குமோ அந்த வழியில் அவர் இறங்கினார். எங்கேயும் நிற்கவில்லை, எங்கேயும் கை ஊன்றவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தரையைப் பார்த்து ஓடினார்.

இங்கே என் காதில் மணி அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தார்கள். மேட்டுப்பட்டி ஃபீடரை, அதாவது அந்தப் பக்கத்துக்குக் கரண்டு கொண்டுபோகிற லைனை, உடனே ஆஃப் பண்ணச் சொன்னேன், கம்பி அறுந்து கிடக்கிறது, ஆட்கள் ஓடி வருகிறார்கள் என்றேன். யார் பார்த்தது என்று கேட்டார் அந்தப் பக்கம் இருந்தவர். லைன்மேன் பார்த்தார் என்றேன்.

“எந்த லைன்மேன்? பேரச் சொல்லுங்க.”

எனக்கு அவர் பெயர் தெரியாது. இரண்டு வருஷம். எத்தனை டம்ளர் மோர் ஒன்றாகக் குடித்திருப்போம். என் சர்க்கரை அளவு அவருக்குத் தெரியும். என் பல் எத்தனை போனது என்பதும் தெரியும். அவர் பெயர் எனக்குத் தெரியாது. கீழே அவர் பாறையை விட்டுக் கொல்லையில் குதித்து ஓடுவது தெரிகிறது. இயர்போன்காரர் கம்பியை நோக்கிப் போய்க்கொண்டிருப்பது தெரிகிறது. 

“பேரு தெரியலங்க. ஓடுவாருங்களே, அவரு.”

“அவரா. இருங்க” என்றார்.

அவ்வளவுதான். வேறு ஒரு கேள்வி இல்லை.

கீழே நடந்தது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு எட்டவில்லை. என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அந்த இயர்போன்காரரே பிறகு சொன்னார். பக்கவாட்டிலிருந்து காக்கிச் சட்டையோடு ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்து, யாரோ கொல்லைக்காரர் சண்டைக்கு வருகிறார் என்றுதான் முதலில் நினைத்தாராம். இயர்போனைக் கழற்றினார். கம்பிக்கும் அவருக்கும் பத்துப் பன்னிரண்டு அடிகூட இல்லை. லைன்மேன் தூரத்திலேயே நின்றுவிட்டு, கால எடுக்காதீங்க என்று சொன்னார். கத்தவில்லையாம். மான் நின்றது. ஆனால் முதலில் கோபம்தான் வந்ததாம். தான் முதலில் வந்துகொண்டிருப்பதாகவும், இப்படி நிறுத்தினால் டைமிங் போய்விடும் என்றும் சொல்லியிருக்கிறார்.

“நின்னா நேரந்தாங்க போவும். ஓடுனா நீங்களே போயிருவீங்க” என்றார் லைன்மேன்.

அப்போதுதான் இயர்போன்காரர் எதிரே தரையில் கிடந்த கம்பியைப் பார்த்தார். அந்த நாயைப் பார்த்தார். ஈரத் தரையில், ஷூவுக்குள்ளே, பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருப்பதும் அப்போதுதான் உறைத்தது. திரும்பி ஓடப் பார்த்தவரை லைன்மேன் ஓடக்கூடாது என்றார். இரண்டு காலையும் ஒட்ட வைத்துக்கொண்டு, பாதத்தைத் தரையிலிருந்து தூக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தபடி பின்னால் வரச் சொன்னார். கரண்டு இறங்கிய தரையில் ஒரு கால் இங்கேயும் ஒரு கால் அங்கேயும் வைத்தால் உடம்பு வழியாகப் பாய்ந்துவிடுமாம்.

அன்றைக்கு வந்தவர்களிலேயே வேகமான கால்கள் அவை. அந்தக் கால்கள், புதுமணப்பெண்ணின் பட்டுச் சேலைக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி, அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்தன. வேறொரு நாளில் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று பாறை உச்சியில் ஒரு கையில் போனும் மறு கையில் துண்டுமாக, நானும் இரண்டு காலையும் ஒட்ட வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். லைன்மேன் கைகளை விரித்து, நடை பழகும் குழந்தையைக் கூப்பிடுகிறவர் மாதிரி, “வாங்க, அப்படித்தான், வாங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

போனில் குரல் வந்தது. “ஆஃப் பண்ணியாச்சு. அவரு சொல்ற வரைக்கும் போட மாட்டேன்னு சொல்லுங்க.”

துண்டைத் தூக்கினேன். ஆட்டினேன். அப்புறமும் ஆட்டிக்கொண்டே இருந்தேன். பின்னால் வந்து சேர்ந்த எட்டு பேர், இது என்ன, உற்சாகப்படுத்துகிறாரா என்று என்னைப் பார்த்தார்கள். வாழைப்பழக் கூடையைப் பாதையின் குறுக்கே வைத்து அதற்கு முன்னால் நின்றுகொண்டேன். யாரும் போகக் கூடாது என்றேன். பத்தொன்பது வருஷ அலுவலக வாழ்க்கையில் நான் போட்ட ஒரே கட்டளை அதுதான். எல்லாரும் கேட்டார்கள்.

இயர்போன்காரர் பாறை மேலே ஏறி வந்து உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றிப் பாதத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு வாழைப்பழம் கேட்டார். நான்கு சாப்பிட்டார். அப்புறம் அழுதார். அதற்குள் ஓடி வந்து சேர்ந்திருந்த டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

லைன்மேன் பாதி வழி ஏறி வந்து, அங்கிருந்தே புது ரூட்டு சொன்னார். இங்கிட்டு வலது பக்கம் இறங்கிக் கண்மாய்க் கரையோடு போனால் குடுமியான்மலை வந்துவிடும், அந்த வழிக்குக் குறுக்கே கம்பி எதுவும் போகவில்லை என்றார். தான் மட்டும் கம்பியருகில் காவலுக்குத் திரும்பிப் போனார். மற்றவர்கள் எல்லாரும் கண்மாய்க் கரையில் போனார்கள். போட்டி என்று வந்தவர்கள் யாரும் யாரையும் முந்தவில்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் மழையில் குளித்த மலை. பலர் நடந்தார்கள். சிலர் பார்ப்பதற்காகவே நின்றார்கள். இயர்போன்காரர் மட்டும் போகவில்லை. கீழே இறங்கி லைன்மேனிடம் போய், தான் ஏதாவது செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். ஆட்கள் வண்டியோடு வரும் வரை அந்தப் பக்கப் பாதையில் யாரும் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாராம். இவர் நின்றார்.

கம்பியைக் கட்டி, லைன் கொடுத்து, லைன்மேன் குடுமியான்மலை வந்து சேர மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. நாங்கள் ஒரு மண்டபத்தில் இலை போட்டுக் காத்திருந்தோம். சட்டை முழுக்கச் செம்மண்ணும் வேர்வையுமாக அவர் வாசலில் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றோம். யாரும் சொல்லி நிற்கவில்லை. அவர் திகைத்துப் போய், பின்னால் யாரோ ஆபீசர் வருகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. அப்புறம் புரிந்தது. “சாப்பாடு ஆறிப் போவுதுங்க” என்று சொல்லிக் கடைசி இலையில் உட்கார்ந்துகொண்டார்.

பரிமாறும்போது பக்கத்தில் போய், உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். இரண்டு வருஷம் கழித்துக் கேட்கிறேனே என்று எனக்குக் கூச்சம். அவருக்கு ஒன்றும் இல்லை. பெயரைச் சொன்னார், பத்திரிகையில் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஆபீசில் கிண்டல் பண்ணுவார்கள் என்றும் சொன்னார். அதனால் இங்கே எழுதவில்லை.

அடுத்த வருஷம் பதவி உயர்வு வந்தது. லைன் இன்ஸ்பெக்டராக மணமேல்குடிப் பக்கம், கடற்கரையோரம் மாற்றல். மலையே இல்லாத ஊர். எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால், தரை ரொம்பச் சமமாக இருக்கிறது, ஓடும்போது கால் தூங்கிப்போகிறது என்று குறைப்படுகிறார். நாங்கள் இன்னும் அவர் போட்ட ரூட்டுகளில்தான் ஓடுகிறோம். என் சர்க்கரை இறங்கிவிட்டது. அந்த மொட்டைப் பாறையில் நின்று ஒவ்வொரு மலையாகச் சிவப்பதைப் பார்க்கும்போது மட்டும், பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டே எல்லாரும் நிற்கிறோம்.

போன வாரம் மத்தியானம் எங்கள் தெருவில் கரண்டு போனது. வேர்த்து ஊற்றியது. ஆளாளுக்கு வாசலில் வந்து திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் திட்ட வரவில்லை. கரண்டு இல்லாத நேரம்தான் கம்பத்தின் மேல் இருக்கிறவருக்குப் பத்திரமான நேரம். எங்கேயோ ஒரு லைன்மேன் ஏறியிருப்பார், வேலையை முடித்து மெதுவாக இறங்கட்டும் என்று நினைத்துக்கொண்டு விசிறியை எடுத்தேன்.